கண் மஞ்சளானால் முதலில் கீழாநெல்லியா, ரத்தப் பரிசோதனையா?

கரைவலை (மண்டபம்):
போன மாதம் என் தம்பிக்குக் காமாலை. கண், நகம், சிறுநீர் எல்லாம் மஞ்சள். சோறு இறங்கவில்லை, மீன் வாடை பட்டாலே குமட்டினான். கடலுக்குப் போகிறவனுக்கு அது எப்படி இருக்கும் என்று பாருங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. எங்கள் ஊர் வைத்தியர் கீழாநெல்லியை வேரோடு அரைத்து, நெல்லிக்காய் அளவு உருட்டி, மோரில் கலந்து வெறும் வயிற்றில் கொடுத்தார். உப்பு, எண்ணெய், மீன் எல்லாம் விலக்கிப் பத்தியம். இருபது நாளில் எழுந்து வலை இழுக்கப் போய்விட்டான். அவனுக்கு முன்னால் எதிர்வீட்டுப் பையனுக்கும் அடுத்த சந்தில் ஒரு பெண்ணுக்கும் இதே மருந்துதான், இதே பலன்தான். அப்படியிருக்க, "காமாலை என்றால் அன்றைக்கே ரத்தம் எடுங்கள், தேவைப்பட்டால் ஸ்கேனும் எடுங்கள்" என்று போன வாரம் இங்கே எழுதியிருந்ததை நான் ஏற்கவில்லை. ஜனங்களைப் பயமுறுத்தாதீர்கள்.

சோதனைக்குழாய் (ராமநாதபுரம்):
அண்ணே, அதை எழுதியது நான்தான். பன்னிரண்டு வருடமாக லேப்பில் வேலை பார்க்கிறேன். தம்பி தேறியதில் எனக்கும் சந்தோஷம். ஆனால் காமாலை என்பது ஒரு நோயின் பெயர் இல்லை, அடையாளம். பிலிருபின் என்ற நிறமி ரத்தத்தில் கூடினால் கண் மஞ்சளாகிறது. ஈரல் வீங்கினாலும் கூடும், ரத்த அணுக்கள் அளவுக்கு மீறி உடைந்தாலும் கூடும், பித்தக் குழாய் அடைபட்டாலும் கூடும். கண்ணாடியில் பார்த்தால் மூன்றும் ஒரே மஞ்சள்தான்.

என் தாய்மாமாவுக்கு 61 வயது, தேவிபட்டினம். வலி இல்லை, காய்ச்சல் இல்லை. உடம்பெல்லாம் அரிப்பு, மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போனது. நாற்பது நாள் பச்சிலை சாப்பிட்டார். அப்புறம் ஸ்கேன் எடுத்தபோது கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி, அது பித்தக் குழாயை நெரித்துக்கொண்டிருந்தது. இப்போது அவர் இல்லை. முன்னாடியே வந்திருந்தால் கட்டாயம் பிழைத்திருப்பார் என்று நான் சொல்ல மாட்டேன், அது கொடிய நோய். ஆனால் என்ன நோய் என்றே தெரியாமல் அந்த நாற்பது நாள் போனதை என்னால் மறக்க முடியவில்லை.

சித்த மாணவன் (தொண்டி):
அக்கா, மாமாவைப் பற்றிப் படித்து வருத்தமாக இருக்கிறது. மலம் வெளுத்து அரிப்பும் இருந்தால் அது அடைப்புக் காமாலை, உடனே அனுப்பி வைக்க வேண்டும் என்றுதான் எங்களுக்கும் சொல்லித் தருகிறார்கள். ஆனால் கீழாநெல்லியை வெறும் நம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. 1988இல் சென்னை ஆய்வாளர்கள் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. ஈரலை வீங்கவைக்கும் ஹெபடைடிஸ் பி கிருமியை உடம்பில் சுமந்தவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லி கொடுத்தார்கள். சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் அந்தக் கிருமியின் மேலுறைப் புரதம் மறைந்தது. வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒரே ஒருவருக்குத்தான் அப்படி ஆனது. அந்தக் கிருமியைக் கண்டுபிடித்து 1976இல் நோபல் பரிசு வாங்கிய புளும்பெர்க்கும் அந்தக் குழுவில் ஒருவர். நம் வேலியோரச் செடிக்கு உலகம் கொடுத்த மரியாதை அது.

சோதனைக்குழாய் (ராமநாதபுரம்):
தம்பி, அந்த ஆய்வின் மேல் எனக்கும் மரியாதை உண்டு. நம் மருந்தை மேடையில் புகழ்வதோடு நிற்காமல் சோதித்துப் பார்த்தார்களே, அதற்காகவே. ஆனால் அது முன்னோட்ட ஆய்வு. பிறகு தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்து பார்த்தபோது அந்தப் பலன் வரவில்லை. 2011இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் குழு அதுவரை வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துவிட்டு, உறுதியான சான்று இல்லை என்றது. இன்னொன்று, அந்த ஆய்வு கண் மஞ்சளானவர்களைக் குணப்படுத்தியதைப் பற்றியது இல்லை, கிருமியைச் சுமந்து திரிந்தவர்களைப் பற்றியது. கரைவலை அண்ணனுடைய தம்பிக்கு வந்த காமாலைக்கு அதைச் சாட்சியாக வைக்க முடியாது.

சித்த மாணவன் (தொண்டி):
செடி எங்கே வளர்ந்தது, எந்தப் பருவத்தில் பறித்தது என்பதைப் பொறுத்துக் குணம் மாறும். பார்த்தால் ஒன்றுபோல இருக்கும் வேறு வகைகளும் உண்டு. ஓரிடத்தில் பலன் வரவில்லை என்பதால் எல்லா இடத்திலும் வராது என்று முடிவு கட்டக் கூடாது. இன்னும் ஒன்று கேட்கிறேன். தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ, இ இரண்டுக்கும் ஆஸ்பத்திரியில் என்ன மருந்து இருக்கிறது? ஓய்வும் குளுக்கோஸும்தானே?

சோதனைக்குழாய் (ராமநாதபுரம்):
சரியான கேள்வி. பெரும்பாலானவர்களுக்குத் தனி மருந்து தேவையில்லை, சில வாரங்களில் உடம்பே சரிசெய்துகொள்ளும். அதனால்தான் இலை சாப்பிட்டவரும் எழுந்துவிடுகிறார், சாப்பிடாதவரும் எழுந்துவிடுகிறார். அந்த இருபது நாளில் இலை என்ன செய்தது, உடம்பு என்ன செய்தது என்று பிரித்துச் சொல்ல நம்மிடம் வழி இல்லை.

பரிசோதனை மருந்துக்காக இல்லை தம்பி, ஆளைத் தரம் பிரிக்க. பிலிருபின் எந்த வகையில் கூடியிருக்கிறது, ஈரல் நொதிகள் எவ்வளவு, ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்போம். எனக்கு இதில் கடைசியது முக்கியம். ரத்தம் உறையும் நேரம் நீண்டுகொண்டே போனால் ஈரல் தன் வேலையைச் செய்யவில்லை என்று பொருள். அதோடு பேச்சு குழறுவதும், பகலில் தூங்கி ராத்திரி விழித்திருப்பதும் சேர்ந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. ஹெபடைடிஸ் பி கிருமியாக இருந்தால், ஹெபடைடிஸுக்காக 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் மருந்து இலவசம். ஹெபடைடிஸ் சி கிருமியாக இருந்தால் பெரும்பாலும் 12 வாரம் மாத்திரை, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் முழுக்கக் குணம். பரிசோதனை இல்லாமல் இதெல்லாம் எப்படித் தெரியும்?

கரைவலை (மண்டபம்):
தங்கச்சி, நீ சொல்வது புத்திக்கு ஏறுகிறது. ஆனால் எங்கள் நிலைமையையும் பார். ரத்தம் கொடுக்கப் போனால் ஒரு நாள் கூலி போகும், முடிவு வாங்க இன்னொரு நாள். ஒருமுறை ஒரு தனியார் இடத்தில் வயிற்று வலி என்று போனதற்கே எழுதிக் கொடுத்த பரிசோதனைகளில் ஒரு வாரச் சம்பாத்தியம் கரைந்தது. வைத்தியர் வெற்றிலைபாக்கும் தட்சணையும்தான் வாங்கினார்.

சோதனைக்குழாய் (ராமநாதபுரம்):
அந்தக் கோபம் நியாயம். தேவையில்லாமல் எழுதுபவர்கள் இருக்கிறார்கள், நானும் பார்க்கிறேன். ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு ஆஸ்பத்திரிக்கோ போனால் இதற்குக் காசு வாங்க மாட்டார்கள். 2022இலிருந்து ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. முன்பு மாதிரி எல்லாவற்றுக்கும் மதுரைக்கு ஓட வேண்டியதில்லை.

பவளப்பாறை (கீழக்கரை):
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கரைவலை காக்கா, முதல் பதிவில் ஒன்று சொன்னீர்களே, தம்பி, எதிர்வீட்டுப் பையன், அடுத்த சந்தில் ஒரு பெண் என்று. மூன்று பேருக்கும் எந்த மாதம் வந்தது?

கரைவலை (மண்டபம்):
எல்லாம் ஒன்றரை மாதத்துக்குள். ஏன்?

சோதனைக்குழாய் (ராமநாதபுரம்):
பவளப்பாறை லாத்தா, நல்லவேளை கேட்டீர்கள். நான் தம்பி விஷயத்திலேயே நின்றுவிட்டேன். ஒரே பகுதியில் ஒன்றரை மாதத்தில் மூன்று பேர் என்றால் தண்ணீரைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அண்ணே, எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள்?

கரைவலை (மண்டபம்):
குழாயில் வாரத்துக்கு இரண்டு நாள்தான் வரும். மற்ற நாளில் மணலில் தோண்டிய ஊற்றிலிருந்து சிரட்டையால் அள்ளிக் குடத்தில் ஊற்றுவார்கள். அதுவும் இல்லாவிட்டால் டிராக்டர் தண்ணீர், குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்குவோம்.

சோதனைக்குழாய் (ராமநாதபுரம்):
வீட்டில் கர்ப்பிணிகள் யாராவது இருக்கிறார்களா?

கரைவலை (மண்டபம்):
தம்பி பெண்சாதிக்கு எட்டு மாதம்.

சோதனைக்குழாய் (ராமநாதபுரம்):
அண்ணே, இலை சண்டையை அப்புறம் வைத்துக்கொள்வோம். தம்பிக்கு வந்தது ஹெபடைடிஸ் இ என்று நான் சொல்லவில்லை, ரத்தம் பார்க்காமல் அதைச் சொல்ல முடியாது. ஆனால் அதுவாக இருந்தால், கடைசி மூன்று மாதத்தில் இருக்கும் பெண்ணுக்கு அது வந்தால் நூற்றுக்கு 20 முதல் 25 பேர் வரை இறக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தம்பியைப் போல இருபது நாள் பார்க்கலாம் என்று இருக்கவே கூடாது. கிருமி உள்ளே போய் நோய் வெளியே தெரிய இரண்டு வாரமும் ஆகலாம், இரண்டு மாதமும் ஆகலாம். இன்றிலிருந்து அந்தப் பெண் குடிக்கும் தண்ணீர் நன்றாகக் கொதித்து ஆறியதாக இருக்கட்டும். நாளைக்கே சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போய், பக்கத்தில் மூன்று காமாலை என்று சொல்லுங்கள். எதிர்வீட்டுப் பையனும் அடுத்த சந்துப் பெண்ணும்கூடப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கட்டும். சுகாதார ஆய்வாளர் வந்து குழாய்த் தண்ணீரிலும் டிராக்டர் தண்ணீரிலும் குளோரின் இருக்கிறதா என்று பார்ப்பார்.

சித்த மாணவன் (தொண்டி):
இதில் எனக்கும் மறுபேச்சு இல்லை. அண்ணே, தம்பி பெண்சாதிக்கு முன்னெச்சரிக்கை என்று எந்தப் பச்சிலையும் கொடுக்க விடாதீர்கள். கீழாநெல்லியைப் பற்றி நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை, அக்காவோடு இன்னொரு நாள் பேசுவேன்.

கரைவலை (மண்டபம்):
வைத்தியரை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் தண்ணீர் அடுப்பில் ஏறிவிட்டது. காலையில் முதல் பஸ்ஸில் அவளைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.