ஆழம் கம்மியான இடத்துல எக்கோ சவுண்டர் மீனை அள்ளிக் காட்டுது, என்ன காரணம்?

முத்துநகர்:
வணக்கம். தூத்துக்குடி பக்கம் சாளை (மத்தி மீன்) எவ்ளோ இருக்குன்னு கணக்கெடுக்க வள்ளத்து ஓரத்துல 120 கிலோஹெர்ட்ஸ் எக்கோ சவுண்டர் (தண்ணிக்குள்ள ஒலி அனுப்பி, திரும்பி வர்ற எதிரொலியை அளக்குற கருவி) கட்டி ஓட்டிட்டு இருக்கோம். 20 மீட்டருக்கு மேல ஆழம்னா வர்ற நம்பர் நம்புற மாதிரி இருக்கு, ஆனா 8, 10 மீட்டர்ல பாருக்கு (கடலடிப் பாறைத் திட்டுக்கு) மேல போனா மதிப்பு பல மடங்கு எகிறுது, அங்கேயே வலை விட்டா ஒண்ணும் பெருசா படல. 38.1 மில்லிமீட்டர் டங்ஸ்டன் கார்பைடு உருண்டையைத் தொங்கவிட்டு, அதோட தெரிஞ்ச எதிரொலியை வச்சு கருவியை சரிபாக்குற காலிபிரேஷன் முடிச்சாச்சு, ஒலி வேகமும் நம்ம கடல் சூட்டுக்கு வினாடிக்கு 1540 மீட்டர்னு போட்டாச்சு. சவுண்டர் கோளாறா, இல்ல மீன் வலைக்குத் தப்புதா?

எதிரொலி:
சவுண்டரை சந்தேகப்படுறதுக்கு முன்னாடி பார் இருக்கிற இடத்துல எக்கோகிராமை (எதிரொலியை ஆழவாரியா காட்டுற படத்தை) நல்லா பெருசாக்கி, கடல் தரை இதுதான்னு சாஃப்ட்வேர் போட்ட தரைக்கோடு எங்க ஓடுதுன்னு பாருங்க. மணல் தரையில ஒழுங்கா போகும், கல்லு திடீர்னு எழும்புற இடத்துல கோடு பாறைக்குள்ள பூந்துடும். தரையோட எதிரொலி மீனோடதை விட ஆயிரக்கணக்கான மடங்கு பலம், அதுல ஒரு துளி உள்ள வந்தாலே மொத்த கணக்கும் போச்சு. கோட்டை கையால திருத்தி, அதுக்கு மேல அரை மீட்டர் விட்டு கணக்கு போடுங்க.

முத்துநகர்:
பாத்துட்டேன் அண்ணே, எகிறின இடம் எல்லாத்துலயும் கோடு தரையோட பலமான எதிரொலி தெரியுற சிவப்புப் பட்டைக்குள்ளதான் ஓடுது! திருத்தினதும் மதிப்பு சடார்னு இறங்கிருச்சு. இப்ப இதை வச்சு மீன் எண்ணிக்கை போட்டுடலாமா?

எதிரொலி:
அவசரப்படாதீங்க. டார்கெட் ஸ்ட்ரெங்த்துக்கு (ஒத்த மீன் எவ்ளோ பலமா எதிரொலிக்குதுங்கிற அளவுக்கு) எந்த ஃபார்முலா போட்டிருக்கீங்க? நிறைய பேர் 20 லாக் நீளம் கழித்தல் 71.9னு ஃபூட்ங்கிற ஆராய்ச்சியாளர் 1987ல கொடுத்ததை அப்படியே எடுத்துப் போடுறாங்க, அது ஹெர்ரிங் மாதிரி மீனுக்கு 38 கிலோஹெர்ட்ஸ்ல வந்தது, உங்களது 120. இதுல 3 டெசிபல் பிசகினாலே எண்ணிக்கை இரட்டிப்பாகும் இல்ல பாதியாகும். சாளை ராத்திரி கலைஞ்சு தனித்தனியா நிக்கும்போது ஸ்ப்ளிட் பீம்ல (மீன் ஒலிக்கற்றைக்குள்ள எங்க நிக்குதுன்னும் காட்டுற சவுண்டர்ல) ஒத்த மீனோட எதிரொலியை அளந்து, வலையில வந்த மீன் நீளத்தோட சேத்துப் பாருங்க, அந்த வேலையை மட்டும் தயவுசெஞ்சு விட்டுடாதீங்க.

வள்ளக்காரன்:
தம்பி, எனக்கு டெசிபல் எல்லாம் தெரியாது, ஆனா பல நேரம் சாளை மேலாப்புலயே (தண்ணி மேல்மட்டத்துலயே) வரும், உங்க கருவி தண்ணிக்குள்ள இறங்கி கீழ பாத்துட்டு இருக்கு, அதுக்கு மேல நிக்குற மீனை யாரு எண்ணுறது? இன்ஜின் சத்தத்துக்கு கூட்டம் ரெண்டா பிரிஞ்சு ஒதுங்குறதை கண்ணாலயே பாக்கலாம்.

எதிரொலி:
அண்ணாச்சி சொல்றது ரொம்ப சரி. டிரான்ஸ்டியூசருக்கு (ஒலி அனுப்பி வாங்குற பாகத்துக்கு) மேலயும், அதை ஒட்டி கீழயும் கொஞ்ச தூரம் எதுவும் கணக்குல வராது, 8 மீட்டர் தண்ணியில அது பெரிய பங்கு. முடிஞ்சா இன்னொண்ணை பக்கவாட்டுல பாக்குற மாதிரி கட்டுங்க. முடியலன்னா 10 மீட்டருக்கு உள்ள வர்ற பகுதியை தனியா பிரிச்சு, இது குறைஞ்சபட்ச மதிப்புன்னு ரிப்போர்ட்லயே தெளிவா எழுதிடுங்க.

முத்துநகர்:
ரொம்ப நன்றி அண்ணே, நன்றி அண்ணாச்சி. பழைய ஃபைல் எல்லாத்துலயும் கோட்டை திருத்திட்டு, ராத்திரி ஓட்டத்துக்கும் கேட்டிருக்கோம். டார்கெட் ஸ்ட்ரெங்த் வந்ததும் இங்கயே போடுறேன்.