மறு: ஃப்ரீ டெஸ்டோஸ்டிரோன்: கட்டற்றதா, பிணையாததா?

> ஆண்களுக்கான குழந்தைப்பேற்றுப் பரிசோதனை விளக்கத்தாளில் 'ஃப்ரீ டெஸ்டோஸ்டிரோன்' வருகிறது. 'கட்டற்ற' என்று போடலாமா? 'இலவச' என்றும் எழுதுகிறார்கள்.

அன்பின் குழுமத்தாருக்கு வணக்கம்.

'இலவச'த்தை இப்போதே கழித்துவிடுவோம். காசில்லாமல் செய்யும் பரிசோதனை என்றுதான் படிப்பவர் நினைப்பார். 'கட்டற்ற' மென்பொருளுக்கும் கலைக்களஞ்சியத்துக்கும் அருமையாகப் பொருந்திய சொல். ஹார்மோனுக்கு முன்னால் வைத்தால் அடங்காமல் சுரக்கிறது என்று தொனிக்கும். என் பரிந்துரை 'பிணையாத டெஸ்டோஸ்டிரோன்'.

ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் என்ற இந்த ஆண் ஹார்மோனின் பெரும்பகுதி புரதங்களோடு ஒட்டியே ஓடுகிறது. எஸ்.எச்.பி.ஜி. என்ற குளோபுலினோடு இறுக்கமாக ஒரு பங்கு, அல்புமினோடு தளர்வாக ஒரு பங்கு. எதனோடும் ஒட்டாமல் இருப்பது ஏறத்தாழ 2 விழுக்காடுதான். ஆகவே எஸ்.எச்.பி.ஜி.யைப் 'பாலின ஹார்மோன் பிணைப்புக் குளோபுலின்' என்றால், இறுகப் பிணைந்தது, தளரப் பிணைந்தது, பிணையாதது என மூன்றும் ஒரே வேரிலிருந்து கிளைக்கும். பின்னிரண்டும் சேர்ந்த 'பயோஅவைலபிள்' பங்கைப் 'பயன்படு டெஸ்டோஸ்டிரோன்' எனலாம்.

இது வெறும் சொல்லழகுக்காக அல்ல. பருமனான ஒருவருக்கு மொத்த டெஸ்டோஸ்டிரோன் டெசிலிட்டருக்கு 260 நானோகிராம், எஸ்.எச்.பி.ஜி. லிட்டருக்கு 12 நானோமோல் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 300க்குக் கீழே என்பதால் அறிக்கையில் குறைவு என்றே வரும். அல்புமின் டெசிலிட்டருக்கு 4.3 கிராம் என்று கொண்டு, இந்த மூன்று அளவுகளிலிருந்து பிணையாத பங்கைத் தரும் வெர்மியூலன் சூத்திரத்தில் கணக்கிட்டால், பிணையாதது மில்லிலிட்டருக்குச் சுமார் 80 பிக்கோகிராம். இன்னொருவருக்கு மொத்தம் 450, எஸ்.எச்.பி.ஜி. 60. அவருடைய பிணையாத அளவோ சுமார் 62தான்! மொத்தம் கூடுதலாக உள்ளவருக்கே பயன்படும் பங்கு குறைவு. பருமனும் இரண்டாம் வகை நீரிழிவும் எஸ்.எச்.பி.ஜி.யைக் குறைக்கும், வயதும் கல்லீரல் சுருக்கமும் கூட்டும். 'பிணைப்பு' என்ற சொல் கண்ணில் பட்டால்தான் இந்தத் தொடர்பு படிப்பவருக்குப் புரியும்.

---

> என் பரிந்துரை 'பிணையாத டெஸ்டோஸ்டிரோன்'

ஐயா, ஏற்கிறேன். ஆனால் யாரும் இதைப் 'பிணையில்லா' என்று சுருக்கிவிட வேண்டாம்; ஜாமீன் நினைவுக்கு வந்துவிடும். 'பிணையாத' என்றே நிறுத்துவோம்.

சொல்லோடு அளந்த முறையும் வர வேண்டும் என்பது என் வலியுறுத்தல். 'நேரடி' முறை என்று பல ஆய்வகங்கள் செய்யும் அனலாக் இம்யூனோஅஸ்ஸே (எதிர்ப்பொருளைக் கொண்டு அளப்பது) நம்பத்தக்கதல்ல, எஸ்.எச்.பி.ஜி. மாறும்போது அதுவும் கூடவே ஆடும். அதன் இயல்பு வரம்பும், பிணையாததைச் சவ்வு வழியே பிரித்து அளக்கும் சமநிலை டயாலிசிஸ் முறையின் வரம்பும் பல மடங்கு வேறுபடும். ஓர் ஆய்வகத்தின் எண்ணை மற்றோர் ஆய்வகத்தின் வரம்போடு ஒப்பிட்டுக் கலங்குபவர்களை நினைத்தாவது, 'பிணையாத டெஸ்டோஸ்டிரோன் (கணக்கிட்டது)', '(டயாலிசிஸ்)', '(நேரடி)' என மூன்று வடிவங்களையும் விளக்கத்தாளில் தர வேண்டும்.

ரத்தம் கொடுக்கும் முறையையும் அதே பக்கத்தில் சேருங்கள். காலை 7 முதல் 10 மணிக்குள், வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டும். குறைவாக வந்தால் வேறொரு நாள் காலையில் மறுபடி பார்த்த பிறகே முடிவு. முடிக்காகப் பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர் மருத்துவரிடம் சொல்லிவிட்டு 2, 3 நாள் முன்பே நிறுத்த வேண்டும். பயோட்டின் சார்ந்த கருவிகளில் டெஸ்டோஸ்டிரோன் பொய்யாகக் கூடியும், விந்தகத்தைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோன்களான எஃப்.எஸ்.எச்., எல்.எச். பொய்யாகக் குறைந்தும் தெரியும்.

இன்னொன்றைத் தடித்த எழுத்தில் போடுங்கள். எண் குறைவாக இருக்கிறதே என்று டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொண்டால் எல்.எச்.சும் எஃப்.எஸ்.எச்.சும் அடங்கி, விந்தணு உற்பத்தியே நின்றுபோகலாம். குழந்தைக்காகக் காத்திருப்பவர் செய்யவே கூடாதது அது.

---

இருவருக்கும் நன்றி. 'பயன்படு' மட்டும் எனக்கு இடிக்கிறது. பிணைந்த பங்கு வீண் என்று பொருள்படும். 'திசுக்களுக்குக் கிட்டும் டெஸ்டோஸ்டிரோன்' என்று நீட்டியே எழுதலாமா? மற்றவை அப்படியே இருக்கட்டும்.