ஒரு கேபிளில் ஓடுகிறது, இன்னொன்றில் செத்துக் கிடக்கிறது: டைப்-சி போர்டு, உதவி தேவை

தோணித்துறை:

வணக்கம். மண்டபம் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். அம்மா பாசி வளர்ப்பில் இருக்கிறார். ஊரில் பெப்சி பாசி என்போமே, அதுதான். மூங்கில் மிதவையில் கட்டிவிட்டால் சுமார் 45 நாளில் அறுப்பு. நடுவில் தண்ணீர் சூடேறினால் தண்டு வெளுத்து, ஒடிந்து, கடலோடு போய்விடும். அதனால் தண்ணீரின் சூட்டை அளந்து போனுக்கு அனுப்பும் ஒரு சின்ன போர்டை நானே வரைந்தேன். மூளையாக வைஃபை உள்ள ஈஎஸ்பி32 சிப், சூட்டை அளக்க டிஎஸ்18பி20 சென்சார், 5 வோல்ட்டை 3.3 வோல்ட்டாக இறக்க ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர். மின்சாரம் டைப்-சி வழியாகவும் வரும், சோலாரில் இருந்து 5 வோல்ட்டாகவும் வரும். ஒன்று இன்னொன்றுக்குள் ஏறிவிடக் கூடாது என்று இரண்டிலும் ஒவ்வொரு 1என்5819 டயோடு போட்டிருக்கிறேன்.

பிரச்சினை இதுதான். பழைய போன் சார்ஜரில் (அந்தப் பக்கம் அகல வாய், இந்தப் பக்கம் சி) நன்றாக ஓடுகிறது. பக்கத்து வீட்டு சி-டு-சி ஒயரிலும் ஓடுகிறது. அண்ணனின் 65 வாட் லேப்டாப் சார்ஜரை அதன் தடித்த ஒயரோடு போட்டால் எல்இடி கூட எரியவில்லை. அதே சார்ஜரில் அண்ணனின் போன் ஏறுகிறது!

இன்னொன்று: ஓடும்போதும் வைஃபை ஆன் ஆகும் நேரத்தில் சில சமயம் ரீசெட் ஆகிறது. லேப்டாப்பில் போர்டின் சீரியல் செய்தியைப் பார்த்தால் பிரௌன்அவுட் (வோல்ட் இறங்கிவிட்டது) என்று வருகிறது. இரண்டும் ஒரே கோளாறா?

பத்து போர்டு அடித்து வைத்திருக்கிறேன். சங்கத்து அக்காமார்களுக்குக் கொடுக்க வேண்டும். "இந்த ஒயர் ஆகும், அந்த ஒயர் ஆகாது" என்று அவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

தொண்டி ரேடியோ:

உப்புதான்மா. நம்ம கரையில் வேறென்ன. படகில் இருந்து வரும் வயர்லெஸ் செட்டைத் திறந்தால் பாதிக்கு மேல் பச்சை பிடித்துத்தான் இருக்கும். ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) போட்டு பிரஷ்ஷால் கனெக்டரைத் தேய்த்துக் கழுவு. ரீசெட்டுக்கு 5 வோல்ட் லைனில் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைத் தட்டிவிடு, நின்றுவிடும்.

தோணித்துறை:

அண்ணே, கழுவிக் காயவைத்துப் பார்த்துவிட்டேன். மாற்றம் இல்லை. கவரைப் பிரிக்காத இன்னொரு போர்டிலும் இதே கதைதான். அது இன்னும் கடல் காற்றையே பார்க்கவில்லை.

கீழக்கரை சாலிடர்:

தங்கச்சி, 1000 மைக்ரோவை இப்போதைக்குக் கையில் எடுக்காதே. அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் இரண்டு கேள்வி.

ஒன்று, தடித்த ஒயரைத் திருப்பிச் செருகினால் ஓடுகிறதா? இரண்டு, டைப்-சி கனெக்டரில் சிசி1, சிசி2 என்ற இரண்டு முனைகளில் (ஏ5, பி5) என்ன போட்டிருக்கிறாய்?

தோணித்துறை:

திருப்பினாலும் அப்படியேதான் காக்கா. சிசி முனை இரண்டையும் சேர்த்து ஒரு 5.1 கிலோ ஓம் வழியாகக் கிரவுண்டுக்குக் கொடுத்திருக்கிறேன். ஒரு ரெசிஸ்டர் மிச்சம் என்று நினைத்தேன்.

கீழக்கரை சாலிடர்:

பிடிபட்டுவிட்டது. அந்த ஒரு ரெசிஸ்டர் மிச்சம்தான் உன்னை அலைக்கழிக்கிறது.

அகல வாய் உள்ள ஏ சாக்கெட்டில் எப்போதும் 5 வோல்ட் நிற்கும், யாரையும் கேட்காது. டைப்-சி சார்ஜர் அப்படி இல்லை. எதிரில் ஆள் இருக்கிறதா என்று சிசி கம்பியைத் தொட்டுப் பார்த்துத்தான் கதவைத் திறக்கும். 5.1 கிலோ ஓம் தெரிந்தால் 'கரண்ட் வாங்க வந்தவர்' என்று புரிந்துகொண்டு 5 வோல்ட்டை விடும்.

சாதா ஒயரில் சிசி கம்பி ஒன்றுதான் ஓடும். அதனால் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தாலும் சார்ஜர் கண்ணுக்கு 5.1 மட்டும் தெரிகிறது. பக்கத்து வீட்டு ஒயரில் தப்பித்தது அப்படித்தான்.

65 வாட் சார்ஜரின் கதை வேறு. 20 வோல்ட்டில் 65 வாட் என்றால் 3.25 ஆம்பியர். 3 ஆம்பியருக்கு மேல் போகும் ஒயருக்குள் 'நான் தாங்குவேன்' என்று சொல்ல ஒரு சிப் இருந்தே ஆக வேண்டும். அந்தச் சிப்போடு சுமார் 1 கிலோ ஓம் ஒன்றும் உண்டு, அது மற்ற சிசி முனையில் உட்கார்ந்திருக்கும். நீ இரண்டு முனையையும் சேர்த்துக் கட்டியதால் உன் 5.1-உம் அந்த 1-உம் பக்கவாட்டில் சேர்ந்து சுமார் 840 ஓம் ஆகிவிடுகிறது. சார்ஜர் அதைப் பார்த்து 'ஏதோ ஹெட்போன் அடாப்டர் போல' என்று முடிவு கட்டி, கரண்டே விடாமல் இருந்துவிடுகிறது. போர்டும் சாகவில்லை, சார்ஜரும் சாகவில்லை. திருப்பிப் போட்டாலும் மாறாததும் இதனால்தான். ஒரு சிசி மட்டும் அறுந்திருந்தால் ஒரு பக்கம் ஓடும், மறுபக்கம் ஓடாது.

வெட்கப்பட ஒன்றுமில்லை. 2019இல் வந்த ராஸ்பெர்ரி பை 4-இன் முதல் போர்டுகளிலும் இதே தவறு இருந்தது. அப்புறம்தான் திருத்தினார்கள்.

ஆளுக்கு ஒரு 5.1 கிலோ போடு. வெட்டி ஒட்டிய பிறகு, ஒயர் செருகாமல் ஏ5-க்கும் பி5-க்கும் நடுவில் மீட்டர் வை. 10.2 கிலோ காட்ட வேண்டும். இப்போது வைத்தால் பீப் அடிக்கும்.

தோணித்துறை:

வைத்தேன், பீப் அடித்தது 😑

பி5-இல் இருந்து வரும் ட்ராக் கனெக்டரை விட்டு இரண்டு மில்லிமீட்டர் வெளியே வந்துதான் ஏ5-ஓடு சேர்கிறது. அந்த இடத்தில் பிளேடு முனையால் கீறினேன். மூன்றாவது கீறலில் செம்பு மினுங்கி அறுந்தது. 0603 அளவு குட்டி ரெசிஸ்டரைக் கிரவுண்டில் செங்குத்தாக நிறுத்தி, பழைய இயர்போன் ஒயரின் ஒரு இழையால் பி5-ஓடு இணைத்தேன். அந்த இழையில் பூச்சு இருப்பது தெரியாமல் அரை மணி நேரம் சாலிடர் ஒட்டவே இல்லை. நுனியைத் தீக்குச்சியில் கருக்கிய பிறகுதான் பிடித்தது. இப்போது 10.1 கிலோ காட்டுகிறது.

தடித்த ஒயரில் எல்இடி எரிகிறது!! ஆனால் ரீசெட் அப்படியே இருக்கிறது.

கீழக்கரை சாலிடர்:

அது தனிக் கோளாறு. தடித்த ஒயர் செருகியிருக்கும்போதே உயிரோடு இருக்கும் சிசி முனையில் எத்தனை வோல்ட் என்று பார். சுமார் 0.4 என்றால் சாதா யூஎஸ்பி கரண்ட்தான், 0.9 என்றால் 1.5 ஆம்பியர் வரை, 1.7 என்றால் 3 ஆம்பியர் வரை தருகிறேன் என்று சார்ஜர் சொல்கிறது. அப்படியே வைஃபை ஓடும்போது மூன்று இடத்தில் அள: கனெக்டரில், டயோடுக்குப் பின், 3.3 லைனில். எந்த ஒயரில் ரீசெட் அதிகமோ அதில் அள.

தோணித்துறை:

சிசி 1.68. அதனால் சார்ஜர் மேல் குற்றம் இல்லை.

ரீசெட் அதிகம் வருவது பழைய போன் ஒயரில். கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் நீளம், நூல் போல மெல்லிசு. அதில் 4.5, 4.1, 3.0.

கீழக்கரை சாலிடர்:

கணக்கு தானே பேசுகிறது. ஒயர் அரை வோல்ட்டைத் தின்கிறது, டயோடு 0.4. ஏஎம்எஸ்1117-க்குத் தான் வெளியே தருவதைவிடத் தலைக்கு மேல் ஒரு 1.1 வோல்ட் உள்ளே வேண்டும். 4.1-இல் அதைக் கழித்தால் 3.0. ஈஎஸ்பி32-க்குக் கீழ் எல்லையே 3.0 தான். மீட்டர் காட்டுவது சராசரி. வைஃபை அனுப்பும் நொடியில் இன்னும் கீழே சரிவதை அது காட்டாது.

அடுத்த முறை அடிக்கும் போர்டில் 1117-ஐ விட்டுவிட்டு ஏபி2112கே-3.3 போன்ற ஒன்றைப் போடு. 600 மில்லிஆம்பியர் வரை தரும், தலைக்கு மேல் அரை வோல்ட் இருந்தாலே போதும். ஆனால் அது உள்ளே வாங்கக்கூடிய உச்ச எல்லை 6 வோல்ட். வெறும் செராமிக் கெப்பாசிட்டரை மட்டும் வைத்து ஒயரைச் சடாரென்று செருகினால் அந்த ஒரு கணம் 5 வோல்ட் துள்ளி மேலே எகிறும். அதனால் கனெக்டர் பக்கத்தில் 5 வோல்ட் டிவிஎஸ் டயோடு ஒன்று கட்டாயம்.

இப்போதுள்ள பத்துக்கு, குட்டையான தடித்த ஒயர் கொடு. அரை மீட்டர் போதும். 3.3 லைனில் என்ன கெப்பாசிட்டர்?

தோணித்துறை:

10 மைக்ரோ செராமிக் ஒன்று.

கீழக்கரை சாலிடர்:

1117-க்கு அது சரிப்படாது. 22 மைக்ரோ டான்டலம் போடு, அதை எதிர்பார்த்துத்தான் அந்த ரெகுலேட்டரைச் செய்திருக்கிறார்கள்.

தொண்டி அண்ணனுக்கு: 5 வோல்ட் லைனில் 1000 மைக்ரோ போட்டால் செருகின உடனே பெரிய இழுப்பு இழுக்கும். யூஎஸ்பியில் செருகும்போது தெரிய வேண்டியது 10 மைக்ரோவுக்குள். சார்ஜர் பொறுத்துக்கொள்ளும், லேப்டாப் போர்ட் கட் ஆகிவிடும். அதோடு ஒயரில் போகும் அரை வோல்ட்டை எந்தக் கெப்பாசிட்டரும் திருப்பித் தராது.

தொண்டி ரேடியோ:

சரிதான். ரேடியோ புத்தி, எதற்கும் பெரிய கெப்பாசிட்டர். ஆனால் உப்பைப் பற்றிச் சொன்னதை மட்டும் திரும்பப் பெற மாட்டேன்.

கீழக்கரை சாலிடர்:

வேண்டாம் அண்ணே, அது உண்மைதான். டைப்-சியில் 5 வோல்ட் முனையும் (ஏ4) சிசி முனையும் (ஏ5) அடுத்தடுத்து அரை மில்லிமீட்டரில் நிற்கின்றன. உப்பு ஈரம் அதற்குள் இறங்கி, மேலே கரண்டும் நின்றால் சில வாரத்தில் பச்சை ஏறி ஒன்றுக்கொன்று கசியும். அப்போது சிசி தாறுமாறாகிவிடும். தங்கச்சி, போர்டுக்கு ஈரம் புகாத கோட்டிங் அடிக்கும்போது கனெக்டர் வாயில் டேப் ஒட்டிவிட்டு அடி. பெட்டியில் வாய் கீழே பார்க்கட்டும். ஒயர் நேராக உள்ளே ஏறாமல் ஒரு தடவை தொங்கி ஏறட்டும், தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

தோணித்துறை:

மூன்று போர்டு முடித்துவிட்டேன். அரை மீட்டர் ஒயரில் கனெக்டரில் 4.9, 3.3 லைனில் 3.29. நேற்று ராத்திரி முழுக்க ஒரு ரீசெட்டும் இல்லை. கச்சான் காற்றில் பெட்டி ஆடியதுதான் மிச்சம்.

மீதி ஏழில் பி5 ட்ராக்கைக் கீறும்போது இரண்டில் பக்கத்து டேட்டா ட்ராக்கிலும் கீறல் விழுந்துவிட்டது. அவற்றில் சார்ஜ் மட்டும் ஓடுகிறது, லேப்டாப் பார்க்கவில்லை. அதே இயர்போன் இழையைப் போடலாமா காக்கா?

கீழக்கரை சாலிடர்:

போடு. இந்த ஈஎஸ்பி32-க்கு யூஎஸ்பி டேட்டா சீரியல் சிப் வழியாகத்தான் போகிறது, வேகம் 12 மெகாபிட்தான். ஒரு சென்டிமீட்டர் இழையால் கெட்டுப்போகாது. நுனியை முதலில் கருக்கிக்கொள்.