ஏர் பிஸ்டல்: மானிட்டரைப் பார்த்தாலே அடுத்த ஷாட் கெடுகிறது, என்ன செய்யலாம்?

புதுக்கை:
10 மீட்டர் ஏர் பிஸ்டல். பயிற்சியில் 60 ஷாட்டுக்கு 562 முதல் 568 வரை வருகிறது. மேட்ச்சில் 548. பத்து பத்து ஷாட்டாக சீரிஸ் இப்படி: 94, 95, 94, 89, 87, 89. நாலாவது சீரிஸில் மானிட்டரில் (ஷாட் விழுந்த இடத்தையும் ஸ்கோரையும் காட்டும் திரை) ஒரு 8 விழுந்ததும் மனக்கணக்கு ஆரம்பித்துவிடுகிறது, "இனி எல்லாம் பத்தாகப் போனால் எவ்வளவு வரும்" என்று. "ஸ்கோரை விடு, ப்ராசஸைப் பார்" என்று எல்லாரும் சொல்கிறார்கள். பிஸ்டலைத் தூக்கி நிற்கும்போது அதற்கு என்னதான் அர்த்தம்?

முன்சைட்:
முதலில் அளவுகளைப் பாருங்க, விஷயம் புரியும். பத்து வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ., பெல்லட் (சுடும் சின்னக் குண்டு) 4.5 மி.மீ. கோட்டைத் தொட்டாலே கணக்கு என்பதால், மையத்திலிருந்து 8 மி.மீ. தள்ளி விழுந்தாலும் பத்துதான். அதாவது பிஸ்டல் நேராக இருந்து, கை மட்டும் 8 மி.மீ.க்குள் ஆடினால் ஒன்றும் ஆகாது.

இப்போ பிஸ்டல் மேலே குறி பார்க்க இருக்கிற சைட்டைப் பாருங்க. முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவே சுமார் 33 செ.மீ. முன் சைட் பின் சைட்டின் பள்ளத்துக்குள் 1 மி.மீ. விலகினால் டார்கெட்டில் 30 மி.மீ. தள்ளும். அது 7. அரை மி.மீ. விலகினாலே 9தான், அதுவும் ஓரத்தில்.

ஸ்கோர் நினைப்பு வந்ததும் கண் கறுப்பு வட்டத்துக்குத் தாவும். பத்து அங்கேதானே இருக்கு! வட்டம் தெளிவாகும், முன் சைட் மங்கும், சைட் விலகினது தெரியவே தெரியாது. கூடவே "இன்னும் கொஞ்சம் ஆட்டம் நிற்கட்டும்" என்று விரல் காத்திருக்கும். 10 விநாடி தாண்டினதும் பொறுமை போய் ட்ரிகரைப் பிடுங்கும். வலக்கைக்காரருக்கு அது பெரும்பாலும் கீழே இடது பக்கம் விழும். உங்க 8 எங்கே விழுந்தது என்று பாருங்க.

ஆக, ப்ராசஸ் என்பது இவ்வளவுதான்: வட்டத்துக்கு மேலே தூக்கு, இறக்கும்போதே ட்ரிகரின் முதல் கட்டத்தை எடு (இரண்டாம் கட்டத்தில்தான் சுடும்), வட்டத்துக்குக் கீழே நில், முன் சைட் விளிம்பைப் பார், அழுத்தத்தை நிறுத்தாமல் கூட்டு. நின்றதிலிருந்து 5 முதல் 7 விநாடிக்குள் போகணும். 8 விநாடி ஆச்சுன்னா சுடாமல் இறக்கிடு. ஷாட் போன பிறகும் 2 விநாடி அப்படியே நில்.

ரேஞ்ச் மூலை:
மேலே சொன்னது சரி. ஆனால் அதைப் பழக்குவது நோட்டில்தான். 20 ஷாட்டுக்கு ஒரு பக்கம் எடுங்கள். ஷாட்டுக்கு மூன்று கட்டம்: முன் சைட் கடைசிவரை தெளிவா, விரல் நிற்காமல் போனதா, 2 விநாடி நின்றேனா. ஸ்கோருக்குக் கட்டமே போடாதீர்கள். மானிட்டரைப் பார்க்கும் முன், கடிகார முள் திசையில் இடத்தையும் ஸ்கோரையும் "4 மணி, 9" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, பிறகு ஒத்துப் பாருங்கள். சொன்ன இடமும் விழுந்த இடமும் ஒத்துப்போனால் அது 8 ஆனாலும் கவலை இல்லை. ஒத்துப்போகாத பத்துதான் ஆபத்து, ஏனென்றால் எதையோ பார்க்காமல் சுட்டிருக்கிறீர்கள்.

டார்கெட் அட்டையைத் திருப்பி வெள்ளைப் பக்கத்தில் தினம் 20 ஷாட். கண் ஓடிப்போக அங்கே வட்டமே இல்லை.

இன்னொன்று, சுடாமல் இறக்கிய ஷாட்டுகளையும் எண்ணுங்கள். 60 ஷாட்டுக்கு 75 நிமிடம். ஷாட்டுக்கு 45 விநாடி எடுத்தாலும் அரை மணி மிச்சம். ஒரு மேட்ச்சில் ஒருமுறைகூட இறக்கவில்லை என்றால் சந்தேகப்படுங்கள்.

பழைய லேன்:
மானிட்டரையே பார்க்காதே என்று சிலர் சொல்வார்கள். அது தப்பு. நீங்கள் மையம் என்று சொன்ன ஷாட்டுகள் நாலைந்து ஒரே பக்கம் 9 ஆகப் போனால், வெளிச்சமோ பிடியோ மாறியிருக்கிறது. சைட்டை க்ளிக் பண்ணி (திருகித் திருத்தி) சரிசெய்ய வேண்டும். பார்க்காமல் எப்படித் தெரியும்? பார்க்க வேண்டியது புள்ளி விழுந்த இடம், ஓரத்தில் ஓடும் கூட்டுத்தொகை அல்ல. அந்தத் தொகை வரும் பகுதியை மட்டும் ஒரு துண்டுக் காகிதத்தால் மறைக்கலாம், டார்கெட் படத்தை மறைக்கக் கூடாது. ரேஞ்ச் ஆபீசரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் லேன் (அவரவர் சுடும் தடம்) எண்ணைப் பார்ப்பதும் ப்ராசஸில் ஒரு படிதான். 2004 ஏதென்ஸ், 50 மீட்டர் ரைபிள் மூன்று நிலை ஃபைனலில் மேத்யூ எமன்ஸ் முன்னிலையில் இருந்துகொண்டு கடைசி ஷாட்டைப் பக்கத்து லேன் டார்கெட்டில் சுட்டார். பூஜ்யம், எட்டாவது இடம்.

புதுக்கை:
8 எல்லாம் 7 மணி, 8 மணிப் பக்கம்தான். பிடுங்குகிறேன் போல. ஆனால் கணக்கு தானாக மனசில் ஓடுகிறதே, அதை எப்படி நிறுத்துவது?

முன்சைட்:
நிறுத்த வேண்டாம், முடியவும் முடியாது. 2008 பெய்ஜிங் ஏர் ரைபிள் ஃபைனலில் கடைசி ஷாட்டுக்கு முன் அபினவ் பிந்த்ராவும் ஹென்றி ஹாக்கினனும் சமம். ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஸ்கோரை மைக்கில் அறிவிக்கும் இடம் அது, கணக்கு காதில் விழாமல் இருக்காது. பிந்த்ரா 10.8, ஹாக்கினன் 9.7. கணக்கு வரட்டும், பிஸ்டல் மேஜையில் இருக்கும்போது வரட்டும். தூக்கிய பிறகு வந்தால் இறக்கிடுங்க.

8 விழுந்ததும் அடுத்த பெல்லட்டைப் போடாதீங்க. பிஸ்டலை வைத்துவிட்டு, பிடியைப் புதுசாக எடுங்க. இரண்டு ட்ரை ஃபயர் (பெல்லட் இல்லாமல் ட்ரிகரை மட்டும் அழுத்துவது), முன் சைட் மட்டும் பார்த்து. காற்று வெளியேறாத ட்ரை ஃபயர் நிலையில்தானா என்று பார்த்துக்கொள்ளுங்க, பெல்லட் இல்லாமல் காற்று போனால் தண்டனை உண்டு.

ரேஞ்ச் மூலை:
ட்ரிகரையும் ஒருதரம் சரிபாருங்கள், 500 கிராம் எடையை அது சுடாமல் தூக்க வேண்டும். முதல் கட்டத்துக்கு 350 முதல் 400 கிராம் வைத்தால் மிச்சம் கொஞ்சம்தான், பிடுங்கும் ஆசை குறையும். 200 வைத்திருந்தால் இரண்டாம் கட்டம் சுவர் மாதிரி நிற்கும்.