விமானம் ஆட ஆரம்பித்தால் கையை எடுப்பதா, பிடித்து அடக்குவதா?

பறவைநேசன்:
நல்ல விமானம் தானாகவே அடங்க வேண்டும். மூக்கு ஏறும், வேகம் குறையும். மூக்கு இறங்கும், வேகம் கூடும். இந்த ஃபுகாய்டு ஆட்டம் சின்ன செஸ்னாவில் ஒரு சுற்று முடிய 20 நொடிக்கு மேல் ஆகும். சும்மா விட்டால் சில சுற்றுகளில் கரைந்துவிடும். வால் இடவலமாக ஆடுவதைத் தானாக அடக்கும் யா டேம்பர் கருவியை மாட்டித்தான் ஆட்டம் அடங்க வேண்டும் என்றால் அந்த ஜெட்டின் வடிவமைப்பிலேயே குறை இருக்கிறது.

வால்சுக்கான்:
ஃபுகாய்டுக்கு அது சரி. டச்சு ரோல்? வால் இடமும் வலமும் போகும், கூடவே இறக்கைகள் மாறி மாறிச் சாயும், ஒரு சுற்றுக்குச் சில நொடிதான். பின்னோக்கிச் சாய்ந்த இறக்கை, உயரத்தில் மெல்லிய காற்று, இரண்டும் சேர்ந்தால் ஆட்டம் லேசில் அடங்காது. 1959 அக்டோபர் 19 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு போயிங் 707 பயிற்சிக்காகப் பறந்தது. டச்சு ரோல் வரம்பு மீறிப் போய், நான்கில் மூன்று இன்ஜின்கள் பிய்ந்து விழுந்தன. 8 பேரில் 4 பேர் இறந்தார்கள்.

பறவைநேசன்:
வரம்பு மீறியது மனிதக் கைதானே? 2013 மே 3, கிர்கிஸ்தானில் அமெரிக்க விமானப்படையின் கேசி-135 எரிபொருள் விமான விபத்தும் அப்படித்தான். வால் சுக்கானான ரடரைக் காலால் மிதிக்க மிதிக்க ஆட்டம் பெரிதாகி, கடைசியில் வாலே முறிந்தது. மூன்று பேர் போனார்கள்.

வால்சுக்கான்:
அங்கே ஆட்டத்தைக் கிளப்பியதே ரடர் அமைப்பின் கோளாறு. கையை எடுத்தாலும் அது தள்ளிக்கொண்டேதான் இருந்திருக்கும். ஆனால் மிதித்தது தப்பு என்பதை ஒப்புக்கொள்கிறேன். கண் பார்த்துக் கால் மிதிப்பதற்குள் வால் திரும்பத் தொடங்கிவிடும். ஊஞ்சல் திரும்பும் நேரம் பார்த்துத் தள்ளினால் இன்னும் உயரப் போகுமே, அப்படி. யா டேம்பரில் உள்ள கைரோ என்ற உணரி, மூக்கு திரும்பும் வேகத்தையே அளந்து உடனே ரடரைக் கொஞ்சமாக அசைக்கிறது. மனிதக் காலுக்கு அது வராது.

பறவைநேசன்:
அப்படியானால் வாலைப் பெரிதாக்க வேண்டியதுதானே?

வால்சுக்கான்:
பெரிதாக்கினால் டச்சு ரோல் அடங்கும். ஆனால் ஒரு பக்கம் சாய்ந்த விமானம் தானாக நிமிராமல் சுழன்று இறங்கும் குணம் அதிகமாகும். எடை வேறு கூடும். ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றை வாங்க முடியும்.

மெழுகுச்சிறகு:
ஃபுகாய்டும் அவ்வளவு சாது இல்லை. அதைப் பெரும்பாலும் அடக்குவது காற்றின் இழுவை. வழுவழுப்பாகச் செதுக்கிய விமானத்தில் இழுவை குறைவு, அதனால் ஆட்டமும் நீளும். 1989 ஜூலை 19, யுனைடெட் 232: சுக்கான்களை அசைக்கும் ஹைட்ராலிக் முழுவதும் போன டிசி-10 பயணிகள் விமானம். பயணியாக வந்த பயிற்றுநர் ஒருவர் காக்பிட்டில் இன்ஜின் பவரைக் கூட்டிக் குறைக்கும் இரண்டு த்ராட்டில்களையும் கையில் பிடித்துக்கொண்டார். மூக்கு இறங்கி வேகம் ஏறும்போதுதான் பவரைக் கூட்ட வேண்டும், மூக்கு ஏறும்போது குறைக்க வேண்டும். மனம் அதற்கு நேர் எதிராகத்தான் சொல்லும். சூ சிட்டி ஓடுதளத்தில் மோதி உடைந்தும் 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். கையை எடுத்திருந்தால்?

பறவைநேசன்:
சரி, வால் விஷயத்தில் நான் யோசிக்காமல் பேசிவிட்டேன். ஆனால் டேம்பர் செத்துப்போனால் என்ன செய்வது என்று ஒவ்வொரு விமானிக்கும் பழக்கியிருக்க வேண்டும். அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வால்சுக்கான்:
அதில் நானும் உங்கள் கட்சி. வேகம், உயரத்தைக் குறைத்து, ரடரைத் தொடாமல், இறக்கைகளைச் சாய்க்கும் ஏலரானை மட்டும் அளவாகப் பயன்படுத்தப் பழக்க வேண்டும்.