நிலவில் மனிதன் இறங்கியதற்கு, நாசா பேச்சை நம்பாமல் ஏதாவது சாட்சி உண்டா?

காவேரிக்கரை:
போன வாரம் ஒரு காதுகுத்து. பந்தி முடிந்து வெற்றிலை போடும்போது சித்தப்பா ஆரம்பித்துவிட்டார், நாசாவின் அப்போலோ நிலவுப் பயணம் எல்லாம் ஸ்டுடியோவில் எடுத்த படமாம். காற்றில்லாத இடத்தில் கொடி எப்படி ஆடும், வானத்தில் ஒரு நட்சத்திரத்தைக்கூட ஏன் காணோம் என்று அடுக்கினார். கொடியின் மேல் ஓரத்தில் குறுக்குக் கம்பி இருக்கிறது, அப்போலோ 11இல் அது முழுசாக நீளாததால்தான் துணி சுருங்கி ஆடுகிற மாதிரி தெரிகிறது என்றேன். வெயில் அடிக்கும் தரையின் வெளிச்சத்துக்கு ஏற்றபடி கேமராவை வைத்தால் மங்கலான நட்சத்திரம் படத்தில் விழாது என்றும் சொன்னேன். "அதையும் நாசாக்காரன்தானே சொல்றான்" என்று ஒரே போடு. வாயடைத்துவிட்டது. எனக்குச் சந்தேகம் இல்லை, ஆனால் அந்தக் கேள்வி நியாயமாகப் படுகிறது. வேறு யாராவது சாட்சி இருக்கிறார்களா?

பழைய ரேடியோ:
எதிரியே சாட்சி. 1969 ஜூலையில் ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலவில் இருந்த அதே நேரத்தில் சோவியத்தின் லூனா 15 மண் எடுத்துவர அங்கே சுற்றிக்கொண்டிருந்தது, அவர்கள் இறங்கிய கலமான ஈகிள் கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் மோதி நொறுங்கியது. இங்கிலாந்தில் ஜாட்ரெல் பேங்க் தொலைநோக்கியில் இரண்டையுமே கேட்டுக்கொண்டிருந்தார்கள். சிக்னல் நிலவிலிருந்து வராமல் நெவாடாவிலிருந்து வந்திருந்தால் மாஸ்கோ சும்மா விட்டிருக்குமா? அப்புறம், அப்போலோக்காரர்கள் அங்கே வைத்த, ஒளியை வந்த வழியே திருப்பும் கண்ணாடிகள் இருக்கின்றன. லேசர் அடித்தால் இரண்டரை நொடியில் திரும்பி வரும்.

சும்மா ஒரு சந்தேகம்:
கண்ணாடிக் கதையை விடுங்கள் சார். சோவியத்தும் லூனகோட் வண்டியில் கண்ணாடி அனுப்பியது, அதில் ஆளா போனான்? கண்ணாடியே இல்லாத 1962இலேயே லேசரை நிலவில் பட்டுத் திரும்ப வைத்துவிட்டார்கள். அதுமட்டுமா, அப்போலோ 11இன் மூல ஒளிப்பதிவு நாடாக்களை அழித்து வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டதாக நாசாவே ஒத்துக்கொண்டது. மனித வரலாற்றின் பெரிய நாள், அதன் நாடாவை யாராவது அழிப்பார்களா? நெதர்லாந்து அருங்காட்சியகத்தில் நிலவுக்கல் என்று வைத்திருந்தது 2009இல் கல்லான மரக்கட்டை என்று தெரிந்தது. போங்கள்.

கல்லுடைக்கிறவன்:
கண்ணாடி விஷயத்தில் இவர் சொல்வது சரி, ஆள் போனதற்கு அது சாட்சி ஆகாது. நாடா அழிந்தது வெட்கக்கேடு, ஆனால் அரசு அலுவலகத்தில் பழைய கோப்பு என்ன கதி ஆகும் என்று பார்த்தவன் யாரும் அதைச் சதி என்று சொல்லமாட்டான். ஒளிபரப்பின் பிரதிகளும் ஃபிலிம் படங்களும் இருக்கின்றன. நெதர்லாந்துக் கட்டை ஒரு முன்னாள் பிரதமரிடமிருந்து வந்தது, ஆய்வுக்கூடக் கல் இல்லை.

என் துறை பாறை, அதனால் கல்லைப் பற்றிப் பேசுகிறேன். அப்போலோ ஆறு பயணத்தில் கொண்டுவந்தது 382 கிலோ. அதில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் குண்டூசி குத்திய மாதிரி குட்டிக் குழிகள், உள்ளே கல் உருகிக் கண்ணாடியாகப் படிந்திருக்கும். மணல்பொடி அளவு விண்தூசு பயங்கர வேகத்தில் மோதி உண்டானது. பூமியில் அந்தத் தூசு காற்றிலேயே வேகம் இழந்துவிடும், கல்லில் குழி விழாது. சோவியத் விஞ்ஞானிகளும் லூனா 16 மண்ணைக் கொடுத்து அப்போலோ மண்ணை வாங்கித் தங்கள் கூடத்திலேயே சோதித்தார்கள். 2023இல் நம் சந்திரயான் 3இன் பிரக்யான் ரோவர் அளந்த மண்ணும் அப்போலோ 16, சோவியத்தின் லூனா 20 மாதிரிகளோடு ஒத்துப்போனது. அதற்கு நாசா தயவு வேண்டியதில்லை.

சும்மா ஒரு சந்தேகம்:
நம் நாமக்கல் சித்தம்பூண்டியில் கிடைக்கும், நிலவுப் பாறை போன்ற அனார்த்தசைட் பாறையை அரைத்துத்தானே இஸ்ரோ சந்திரயானுக்கு 'நிலவு மண்' செய்தது? அதையே அமெரிக்காக்காரனும் செய்திருக்கலாமே!

கல்லுடைக்கிறவன்:
நல்ல கேள்விதான், ஆனால் உங்களுக்கு எதிராகவே திரும்புகிறது. நிலவு மண் எப்படி இருக்கும் என்று தெரிந்ததே அப்போலோ மாதிரிகளால்தான், அதை வைத்துத்தான் சித்தம்பூண்டியைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பொடி லேண்டரையும் ரோவரையும் சோதிக்கப் போதும். நுண்ணோக்கியில் வைத்தால் நம்ம ஊர்க் கல் என்று காட்டிக்கொடுத்துவிடும், அந்தக் குழிகள் அதில் கிடையாது.

மண்புழு:
எனக்குப் பாறை தெரியாது. அப்போலோ 16 வண்டி ஓடுகிற ஒளிப்பதிவைப் பாருங்கள், சக்கரத்திலிருந்து எகிறும் தூசி வளைந்து போய் அப்படியே தரையில் விழும், மேகமாக நிற்காது. எங்கள் ஊர் மண்சாலையில் பஸ் போனால் அடுத்த பஸ் வரும்வரை புழுதி அடங்காது. காற்றை உறிஞ்சிய ஸ்டுடியோவில் வண்டி ஓட்டவேண்டும் என்றால் அதைவிட நிலவுக்கே போய்விடலாம்.

காவேரிக்கரை:
நன்றி மக்களே. சித்தப்பாவுக்குச் சந்திரயான் 2 எடுத்த அப்போலோ 11 இடத்துப் படத்தை அனுப்பினேன், ஈகிளின் அடிப்பாகம் தெரிகிறது. இரண்டு நாள் பதில் இல்லை. இன்று காலை எழுதியிருக்கிறார்: "இஸ்ரோ எடுத்ததா? அப்போ சரி. ஆனா கொடி எங்கடா?" ஈகிள் கிளம்பும்போது எஞ்சினிலிருந்து பாய்ந்த வாயுவில் அது சாய்ந்ததை ஆல்ட்ரினே பார்த்திருக்கிறார். அதை இனி நான் சொல்லப்போவதில்லை, அடுத்த காதுகுத்து வரட்டும்.