ம்புனா தொட்டிக்குக் கெளுத்தி: பிரிஸில்நோஸா, பெட்ரிகோலாவா, எதுவுமே வேண்டாமா?

பாறைப்பிரியன்:
ம்புனா, அதாவது ஆப்பிரிக்காவோட மலாவி ஏரிப் பாறைகள்ல வாழற சிக்லிட் குடும்ப மீன், வளர்க்கற தொட்டி 120×45×45 செ.மீ. பாறையும் மணலும் போக நிகரமா 200 லிட்டர் தண்ணி. ம்புனா வகைகள்ல மஞ்சள் லேப் 5, சிவப்பு ஜீப்ரா 5, ஏசெய் 5. எல்லாமே 7, 8 செ.மீ. பிஎச் 8.2, கேஎச் (கார்பனேட் கடினத்தன்மை) 8, வெப்பம் 26 டிகிரி, ஒரு கேனிஸ்டர் ஃபில்டர். அடியில தங்கற தீனியைச் சுத்தம் பண்ண ஒரு கெளுத்தி விடணும். பிரிஸில்நோஸ் (பாசி சுரண்டற பிளெக்கோ வகை), பெட்ரிகோலா, குயில் கெளுத்தின்னு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எது சரி?

ஏரிவாசி:
"சுத்தம் பண்ண"ங்கறதை முதல்ல அடிச்சிடுங்க நண்பரே. எந்தக் கெளுத்தியும் கழிவைத் தின்னாது. தனக்குன்னு தீனி கேட்கும், தன் பங்குக்குக் கழிவும் போடும். ரெண்டு நிமிஷத்துல காலியாகாம அடியில தீனி கிடக்குதுன்னா அளவைக் குறைங்க, அவ்வளவுதான்.

அடித்தட்டுல ஒரு நடமாட்டம் வேணும்னா சினோடோன்டிஸ்ங்கற ஆப்பிரிக்கக் கெளுத்தி இனத்துல பெட்ரிகோலா, அஞ்சு விடுங்க. தாங்கனீக்கா ஏரி மீன், கார நீர் அதுக்குப் பிறவியிலேயே பழக்கம். 10 செ.மீ. தாண்டறது அபூர்வம். செதில் கிடையாது, ஆனா முதுகுல ஒண்ணு, ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணுன்னு விறைச்சுப் பூட்டிக்கிற முள் இருக்கு. ஜீப்ரா ஒரு தடவை முட்டினா மறு தடவை யோசிக்கும். ஒண்ணே ஒண்ணு வாங்காதீங்க. தனியா விட்டா பாறைக்குப் பின்னாடி ஒளிஞ்சது ஒளிஞ்சதுதான், செத்தாக்கூடத் தெரியாது. அஞ்சாறு சேர்ந்தா பகல்லயே வெளிய சுத்தும்.

பிளெக்கோ பக்தன்:
வந்துட்டாங்கய்யா ஏரிக்காரங்க! ம்புனா மலாவி ஏரி, பெட்ரிகோலா தாங்கனீக்கா. ரெண்டு ஏரி மீனும் ஒண்ணை ஒண்ணு பார்த்ததே கிடையாது. மலாவிக்கே உரிய சினோடோன்டிஸ்னா என்ஜாசேதான், அது விற்பனைக்கு வர்றதே அரிது. அதனால ஊர்ப் பொருத்தத்தை விடுங்க, தண்ணிப் பொருத்தம் பேசலாம். தலைமுறை தலைமுறையா தொட்டியில பிறந்து வளர்ந்த பிரிஸில்நோஸ் பிஎச் 8.2லயும் தாராளமா இருக்கும். 12, 13 செ.மீ. வளரும், வயிறு தவிர உடம்பு முழுக்க எலும்புத் தகடு, ஒண்ணே போதும்.

முக்கியமான விஷயம் தீனி. பெட்ரிகோலாவுக்குப் புரதம் வேணும், அதுக்கு மூழ்கற பெல்லட் போடுவீங்க. அதை யாரு முழுங்குவா? பாசி மேயற ஜீப்ரா. அப்புறம் வயிறு ஊதி, வெள்ளையா நூல் மாதிரி மலம் தொங்கி, தீனியை வாயில வாங்கித் துப்ப ஆரம்பிச்சா மலாவி ப்ளோட்னு ஓடணும். பிரிஸில்நோஸுக்கும் ம்புனாவுக்கும் ஒரே ஸ்பிருலினா தீனி. சமையல் ஒண்ணு, பந்தி ஒண்ணு.

ஏரிவாசி:
என்ஜாசே விஷயம் சரி, ஒத்துக்கறேன். ப்ளோட் விஷயத்துலதான் பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அளவுக்கு மீறின தீனி, நைட்ரேட் ஏறின தண்ணி, ஓயாத துரத்தல் எல்லாம் சேர்ந்துதான் அந்த நோய் வருது. நாலு பெல்லட் புரதத்தால மட்டும் வராது. இன்னொண்ணு, மஞ்சள் லேப் ஏரியில பாறை இடுக்குப் பூச்சி புழுக்களைத் தின்ற மீன். அதையும் சேர்த்துப் பச்சை தின்னின்னு கணக்கு வைக்காதீங்க.

பெல்லட் ஜீப்ரா வாய்க்குப் போகாம இருக்க வழி இருக்கு. 20 மி.மீ. பிவிசி குழாய் ஒண்ணை மேல்மட்டத்துலேர்ந்து பாறைக்குகை வாசல் வரைக்கும் செங்குத்தா நிறுத்துங்க, கீழ் நுனி மணலுக்கு ரெண்டு செ.மீ. மேல இருக்கணும். விளக்கை அணைச்சு 40 நிமிஷம் கழிச்சு, 2 மி.மீ. மூழ்கற பெல்லட் பத்துப் பன்னெண்டு அதுக்குள்ள போடுங்க. ம்புனா அதுக்குள்ள பாறை இடுக்குல ஒதுங்கியிருக்கும், கெளுத்தி மோப்பம் பிடிச்சு வந்துடும். வாரத்துக்கு நாலு ராத்திரி போதும். காலையில பெல்லட் மிச்சம் தெரிஞ்சா எண்ணிக்கையைக் குறைங்க.

இப்ப உங்க பிரிஸில்நோஸுக்கு வர்றேன். அது எதைத் தின்னும்? பாசின்னு சொல்லுவீங்க. பதினஞ்சு ம்புனா பகல் பூரா பாறையைச் சுரண்டின தொட்டியில பாசி எங்க மிச்சம்? வெள்ளரித் துண்டு போட்டா அது வந்து ஒட்டறதுக்குள்ள ஜீப்ரா தோலை மட்டும் விட்டு வெச்சிருக்கும். மேலிருந்து பார்த்தா தகடு மறைச்சிடும், பட்டினி தெரியாது. கண்ணாடியில ஒட்டியிருக்கும்போது வயித்தைப் பாருங்க. தட்டையா இருக்கணும், லேசா உப்பியிருந்தா இன்னும் நல்லது. உள்வாங்கிக் குழியா இருந்தா, கண்ணும் உள்ள போயிருந்தா, அது வாரக் கணக்குல காயுதுன்னு அர்த்தம்.

பிளெக்கோ பக்தன்:
குழாய்ல ராத்திரி பெல்லட் போடத் தெரிஞ்சவங்களுக்கு ராத்திரி வெள்ளரி போடத் தெரியாதா? அரை செ.மீ. கனத்துல வட்டமா வெட்டி, ஸ்டீல் முட்கரண்டியில குத்தி, விளக்கணைச்ச பிறகு குகைக்குள்ள வைங்க, காலையில எடுத்துடுங்க. கூடவே ஒரு மரக்கட்டை. "மரம் பிஎச்சை இறக்கும்"னு ஓடி வராதீங்க, கேஎச் 8 இருக்கற தண்ணியில ஒரு கட்டையோட சாயம் பிஎச்சை அசைக்காது.

கணக்குப்புலி:
ரெண்டு பேரும் எதை விடலாம்னு அடிச்சிக்கறீங்க. இந்தத் தொட்டியில இடம் இருக்கான்னு யாரும் கேட்கலை. 200 லிட்டருக்குப் பதினஞ்சு ம்புனா, முழுசா வளர்ந்தா ஒவ்வொண்ணும் 10 செ.மீ. தாண்டும், ஏசெய் இன்னும் பெருசு.

கார நீர்ல அமோனியா சும்மா விடாது. 26 டிகிரியில, பிஎச் 7ல மொத்த அமோனியாவுல 0.6 சதவீதம்தான் விஷ வடிவம். பிஎச் 8.2ல கிட்டத்தட்ட 9 சதவீதம். ஒரே டெஸ்ட் கிட், ஒரே 0.5 நிறம், ஆனா விஷம் பதினஞ்சு மடங்கு. செதில் இல்லாத சினோடோன்டிஸை அப்படித் தண்ணியில இறக்கறது வம்பு. வாராந்திரத் தண்ணி மாத்தறதுக்கு முன்னாடி நைட்ரேட் அளவு எடுங்க. லிட்டருக்கு 40 மி.கி.க்கு மேல காட்டினா புது மீன் பேச்சே வேண்டாம், முதல்ல தண்ணி மாத்தற அளவை 40, 50 சதவீதமாக்குங்க. 20க்குள்ள இருந்தா மேல பேசலாம். என்னைக் கேட்டா இப்போதைக்கு எதுவுமே வேண்டாம்.

வாய்க்குஞ்சு:
குயில் கெளுத்தியை ஏன் ஒருத்தரும் தொடலை? மஞ்சள் லேபும் சிவப்பு ஜீப்ராவும் ஒரே தொட்டியில இருந்தா கலப்புக் குஞ்சு வராம இருக்காது. அந்தக் குயில் கெளுத்தி, அதாவது சினோடோன்டிஸ் மல்டிபங்டேட்டஸ் விட்டா அந்தத் தலைவலியைப் பாதி அதுவே தீர்க்கும். பெண் சிக்லிட் முட்டை போட்டு வாயில அள்ளற அந்தச் சில நொடியில கெளுத்தி ஜோடி நடுவுல புகுந்து, சிக்லிட் முட்டையைத் தின்னுட்டுத் தன் முட்டையைச் சிதறும். தாய் எல்லாத்தையும் சேர்த்து அள்ளிக்கும். கெளுத்தி முட்டை முந்திப் பொரிஞ்சு, அந்தக் குஞ்சுங்க தாயோட வாய்க்குள்ளயே சிக்லிட் குஞ்சைத் தின்னு வளரும். காக்கா கூட்டுல குயில் முட்டையிடற அதே வேலை. 1986ல நேச்சர் இதழ்லயே இது வந்திருக்கு. எந்தச் சிக்லிட் வாயில அடைகாக்குதோ அது போதும், மலாவி மீனும் ஏமாறும்.

ஏரிவாசி:
சுவாரஸ்யம்தான், நாலடித் தொட்டிக்கு இல்ல. மல்டிபங்டேட்டஸ் தொட்டியில 15 செ.மீ. எட்டும், பகல்லயே கூட்டமா வேகமா நீந்தும். அஞ்சடிக்குக் கம்மியா, அஞ்சு மீனுக்குக் கம்மியா நான் சிபாரிசு பண்ண மாட்டேன். முட்டையிடற பெண் சிக்லிட்டை அது படுத்தற பாட்டுல, வாயில இருக்கறதைப் பாதியிலேயே துப்பற பெண்களும் உண்டு. கலப்புக் குஞ்சு கூடாதுன்னா லேபை வெச்சுட்டு ஜீப்ராவைக் கொடுத்துடறது இதைவிட நேரான வழி. தப்பிச்சு வெளிய வர்ற குஞ்சை ராத்திரியில பெட்ரிகோலாவே கவனிச்சுக்கும்.

வாய்க்குஞ்சு:
குஞ்சைக் கவனிக்கறது வேற, முட்டையிலேயே தடுக்கறது வேற. அளவு விஷயத்தை மட்டும் ஏத்துக்கறேன்.

பாறைப்பிரியன்:
கோரிடோராஸ் கெளுத்தி சின்னதுதானே? இடம் கம்மியாத்தான் பிடிக்கும். ஆறு விடலாமா?

பிளெக்கோ பக்தன்:
இதுல நானும் ஏரிவாசியும் ஒரே கட்சி. வேண்டவே வேண்டாம். மென்னீர் மீன், அடிக்கடி மேல வந்து காத்து குடிக்கும், போற வழியெல்லாம் ம்புனா துரத்தும். பெரிய மீன் ஒண்ணு அதை முழுங்கப் பார்த்தா முள் விரிஞ்சு தொண்டையில மாட்டிக்கும், ரெண்டுமே போயிடும். "குட்டி பிளெக்கோ"ன்னு தர்ற சாதாரண பிளெக்கோவையும் தொடாதீங்க. அது 40 செ.மீ. போகும், வளர்ந்ததும் ராத்திரியில மத்த மீன் உடம்பு வழவழப்பைச் சுரண்டற கெட்ட பழக்கமும் வரலாம்.

ஏரிவாசி:
பெயர் பார்த்து வாங்கறதுல சினோடோன்டிஸ் இன்னும் மோசம். "பெட்ரிகோலா"ன்னு வர்றதுல பெரும்பாலானது லூசிபின்னிஸ். அது நஷ்டமில்ல, இன்னும் கொஞ்சம் சின்ன மீன், குணம் ஒண்ணுதான். துடுப்புல இருக்கற கறுப்பு முக்கோணத்தோட அடியில வெளிறின ஜன்னல் மாதிரி தெரிஞ்சா லூசிபின்னிஸ், அடிவரைக்கும் கறுப்புன்னா பெட்ரிகோலா. பயப்பட வேண்டியது கலப்பினத்துக்கு. பெரிய சினோடோன்டிஸ் ரத்தம் கலந்த குட்டி 5 செ.மீ.ல அழகாத்தான் இருக்கும், அப்புறம் 20 செ.மீ. தாண்டி, தூங்கற லேபையே முழுங்கும். வாங்கும்போது வயித்தைப் பாருங்க. பெட்ரிகோலா, லூசிபின்னிஸுக்கு வயித்துலயும் புள்ளி இருக்கும், துடுப்போட ஓரம் பளிச்னு வெள்ளையா இருக்கும். மல்டிபங்டேட்டஸுக்கு வயிறு வெறும் வெள்ளை, கண் ரொம்பப் பெருசு. துடுப்புல வெள்ளை ஓரம் இல்லாம கன்னாபின்னான்னு புள்ளி சிதறியிருந்தா கையெடுத்துக் கும்பிட்டுட்டு நகருங்க. பக்கத்துலயே மீசையையும் பாருங்க. கூரான சரளையில கிடந்த மீனுக்கு மீசை தேஞ்சு மொட்டையா இருக்கும்.

கணக்குப்புலி:
சரி, விடறதுன்னே முடிவு பண்ணியாச்சுன்னா, நேரா தொட்டியில கொட்டாதீங்க. 40 லிட்டர் தனித்தொட்டி, ஓடிக்கிட்டிருந்த ஸ்பாஞ்ச் ஃபில்டர், நோய் இருக்கான்னு பார்க்க நாலு வாரம். பிரிஸில்நோஸ் பெரும்பாலும் மென்னீர்ல இருந்துதான் வரும். கேஎச் 3லேர்ந்து 8க்கு ஏத்தணும்னா சமையல் சோடா கணக்கு சுலபம்: ஒரு டிகிரிக்கு லிட்டருக்கு 30 மி.கி. 40 லிட்டருக்கு நாளைக்கு 1.2 கிராம், கரைச்சு ஊத்தி, அஞ்சு நாள்.

பிளெக்கோ பக்தன்:
சோடா கேஎச்சை மட்டும்தான் ஏத்தும், ஜிஎச் (கால்சியம், மெக்னீசியக் கடினத்தன்மை) அப்படியே கிடக்கும். அதைவிட தினமும் தனித்தொட்டித் தண்ணியில 15 சதவீதம் எடுத்துட்டு, பெரிய தொட்டித் தண்ணியை ஊத்துங்க. பத்து நாள்ல அஞ்சுல நாலு பங்கு அந்தத் தண்ணியாவே ஆயிடும், எல்லாமே சேர்ந்து ஏறும். போக்கு மட்டும்தான், வரத்து கூடாது. தனித்தொட்டித் தண்ணியோ வலையோ பெரிய தொட்டிப் பக்கம் திரும்பி வரவே கூடாது.

கணக்குப்புலி:
அது என் கணக்கைவிட நல்ல வழி, அதையே செய்யுங்க. ஆனா ரொம்ப நேரம் பையில பயணம் பண்ணி வந்த மீனுக்குச் சொட்டுச் சொட்டா தண்ணி விடற சம்பிரதாயம் வேண்டாம். பைக்குள்ள கரியமில வாயுவால பிஎச் இறங்கி, சேர்ந்த அமோனியா விஷமில்லாத வடிவத்துல கிடக்கும். திறந்து கார நீரைச் சொட்ட விட்டா மீன் உள்ள இருக்கும்போதே அது விஷமா மாறும். பையை 20 நிமிஷம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமன் பண்ணி, பைத் தண்ணியை விட்டுட்டு மீனை மட்டும் எடுத்து விடுங்க. தனித்தொட்டியோட கடினத்தன்மையை மீன் இருந்த தண்ணிக்கு முன்கூட்டியே பொருத்தி வெச்சிருக்கணும். வெள்ளைப்புள்ளி நோய் வந்தா, மாலகைட் கிரீன் கலந்த மருந்தைச் சினோடோன்டிஸுக்குப் பாதி அளவுலேர்ந்து தொடங்குங்க. செம்பு மருந்தைத் தொடவே தொடாதீங்க.

பாறைப்பிரியன்:
நைட்ரேட் எடுத்தேன், 30 காட்டுது. இறக்கிட்டு அஞ்சு பெட்ரிகோலா பார்க்கலாம்னு தோணுது. குகைக்கு 50 மி.மீ. பிவிசி குழாய் அஞ்சு வெட்டி வைக்கவா?

பிளெக்கோ பக்தன்:
வைங்க. முதல் ராத்திரியே ஜீப்ரா ஆண் ஒண்ணு அதுல குடியேறிடும். அப்ப வந்து பிரிஸில்நோஸ் கேளுங்க.

ஏரிவாசி:
பக்தன் சொல்றதுல பாதி நிஜம், வட்டக் குழாய் ம்புனாவுக்குத்தான் தோதா அமையும். சிக்லிட் உடம்பு உயரம், பெட்ரிகோலா தலை அகலம், உடம்பு தாழ்வு. அதனால வாசலைத் தட்டையா வைங்க. ரெண்டு கற்பலகைக்கு நடுவுல ரெண்டரை, மூணு செ.மீ. உயரம், பத்து செ.மீ. அகலம், பின்பக்கமும் திறப்பு இருக்கணும். வளர்ந்த ஜீப்ரா அதுக்குள்ள நிமிர்ந்து நிக்க முடியாது. கல்லை மணல் மேல வைக்காம தொட்டி அடித்தட்டுலயே உட்கார வெச்சு, அப்புறம் மணலைச் சுத்திப் போடுங்க. ம்புனா தோண்டினா கல் சரியும்.

பிடிக்கும்போது வலை வேண்டாம். முள் வலையில பூட்டிக்கிட்டா வலையை வெட்டித்தான் எடுக்கணும், கையில குத்தினா கடுக்கும். ஒரு பிளாஸ்டிக் டப்பாவை வாசல்ல வெச்சு, பின்பக்கத்துலேர்ந்து குச்சியால மெல்லத் தள்ளுங்க. பையில கொண்டு வர்றதா இருந்தா ரெட்டைப் பை, நடுவுல ஒரு சுத்துக் காகிதம். டப்பாவுல இருக்கும்போது கரகரன்னு சத்தம் கேட்டாப் பதறாதீங்க, பக்க முள்ளை மூட்டுல தேய்ச்சு அது எழுப்பற சத்தம்தான்.